கேஸ் ஏற்றுவதா, பட்டறையில் விடுவதா: பதினோரு ஆண்டு ஓடிய ஒரு காரின் ஏசி பழுது குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கரூரில் ஒரு ஜவுளி ஆலையின் மின்பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவர், 2013இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றை வைத்திருந்தார். 2024 ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அதன் ஏசி குளிர்ச்சி குறையத் தொடங்கியது. அந்தப் பக்கத்தில் சித்திரை வெயில் எப்படியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை, க.பரமத்தியின் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டிய செய்தி அந்த நாட்களில் நாளிதழில் வராத வாரமில்லை. முழங்கால் அறுவைக்குப் பின் மாதம் ஒருமுறை திருச்சிக்குச் சென்று மருத்துவரைப் பார்த்துவரவேண்டிய 74 வயது தந்தை வீட்டில் இருந்ததால், பழுதைத் தள்ளிப்போட அவரால் முடியவில்லை.

காரின் ஏசிக்கு ஒரு முன்கதை உண்டு. 2023 மே மாதம் குளிர்ச்சி குறைந்தபோது ஒரு கடையில் குளிரூட்டும் கேஸ் 'டாப்-அப்' (குறைந்ததை நிரப்புவது) செய்திருந்தார்கள். கசிவு எங்கே என்று யாரும் தேடவில்லை, உரிமையாளரும் கேட்கவில்லை. இம்முறை வேறொரு கடைக்குச் சென்றபோது, பானட்டைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசர் போய்விட்டது, மாற்றுவதற்கு எல்லாம் சேர்த்து 23,500 ரூபாய் ஆகும் என்றார்கள். அழுத்தம் காட்டும் எந்த அளவியும் மாட்டப்படவில்லை. மல்டிமீட்டரும் கையுமாக இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கு அந்த வேகம் சந்தேகத்தைத் தந்தது. அன்றிரவே இணையத்தில் நான்கைந்து காணொளிகளைப் பார்த்து, 450 கிராம் கேஸ் குப்பியும் அளவியுடன் கூடிய குழாயும் வாங்கித் தானே ஏற்றிவிடலாம் என்ற எண்ணத்துக்கு வந்தார். தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றின் மோட்டார் வாகனப் பிரிவில் பல ஆண்டுகள் பயிற்றுநராக இருந்தவன் என்பதால் என்னிடம் கருத்துக் கேட்டார். அதன் பின் நடந்தவற்றை, நான் தவறிய இடம் உட்பட, இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் காணப்பட்டவை

உரிமையாளர் சொன்ன அறிகுறிகள் இரண்டு. முதல் வாரத்தில், வண்டி ஓடும்போது ஓரளவு குளிர்ந்தது, சிக்னலில் நின்றால் சில நிமிடங்களில் வெப்பக் காற்று வந்தது. இரண்டாம் வாரத்தில் ஓடும்போதும் குளிரவில்லை. 'திடீரென்று நின்றுவிட்டது' என்பதே அவருடைய சொல்.

ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது குளிராத வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, கேஸின் வெப்பத்தை வெளியே விடும் கண்டன்சருக்கு முன்னோ பின்னோ உள்ள மின்விசிறியைத்தான். ஓடும் வண்டியில் எதிர்க்காற்றே கண்டன்சரைக் குளிர்விக்கிறது; நின்றவுடன் அந்த வேலை விசிறிக்கு வருகிறது. விசிறி சுழலாவிட்டால் உயரழுத்தப் பக்கத்தில் அழுத்தம் ஏறும், பாதுகாப்பு ஸ்விட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். ஆகவே 'விசிறியைச் சரிசெய்தால் போதும்' என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். இரண்டாம் அறிகுறிக்கு இந்த விளக்கம் பொருந்தவில்லை என்பதை அப்போது நான் நிறுத்தி யோசிக்கவில்லை. ஒரு பழுதுக்கு விளக்கம் கிடைத்த மகிழ்ச்சியில் மற்றொன்று மறைந்துபோவது எங்கள் தொழிலில் பழைய நோய்.

குழாய்களைத் திறக்காமல் செய்தவை

கார் ஏசியின் வேலைகளை இரண்டாகப் பிரிக்கலாம் என்று அவரிடம் விளக்கினேன். கம்ப்ரசர், கண்டன்சர், டிரையர் (ஈரத்தை உறிஞ்சுவது), எக்ஸ்பான்ஷன் வால்வு (கேஸை விரியவிட்டுக் குளிரவைக்கும் குறுகிய வழி), கூலிங் காயில் (கேபின் காற்றைக் குளிர்விப்பது), இவற்றை இணைக்கும் குழாய்கள் ஆகியவை கேஸும் எண்ணெயும் மட்டுமே இருக்கவேண்டிய மூடிய சுற்று. காற்றும் ஈரமும் அதற்குள் போகக்கூடாது. ஃப்யூஸ், ரிலே, விசிறி, கிளட்ச் சுருள் (கம்ப்ரசரை எஞ்சினோடு இணைக்கும் மின்காந்தம்), ப்ளோயர், கேபின் ஃபில்டர் எல்லாம் அந்தச் சுற்றுக்கு வெளியே இருப்பவை. வெளியே உள்ளதை மின்சாரம் தெரிந்த ஒருவர் வீட்டுவாசலில் வைத்தே சோதிக்கலாம். தவறு செய்தாலும் பெரும்பாலும் ஒரு ஃப்யூஸோடு போகும்.

ஏப்ரல் 21, ஞாயிறு காலை அவர் இந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருந்த கேபின் ஃபில்டர் வேப்பிலைச் சருகும் பஞ்சுத் தூசியும் அடைத்துக் கறுத்திருந்தது. ஏசி ஃப்யூஸ் நன்றாக இருந்தது. கிளட்ச் சுருளின் மின்தடை 3.8 ஓம், நேரடியாக 12 வோல்ட் கொடுத்ததும் 'டக்' என்று இழுத்தது. பெல்ட்டைக் கழற்றி, கிளட்ச் தட்டைக் கையால் சுழற்றியபோது கம்ப்ரசர் தடையின்றி, கரகரப்பின்றிச் சுழன்றது. கம்ப்ரசர் நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு இது முழுச் சான்று ஆகாது. ஆனால் அளவி வைக்காமல் 23,500 ரூபாய்க்குத் தீர்ப்பு எழுத இடமில்லை என்பதற்கு இது போதும்.

விசிறிதான் ஓடவில்லை. மோட்டாருக்கு நேரடி மின்சாரம் கொடுத்தால் சுழன்றது. இணைப்பியைக் கழற்றிப் பார்த்தபோது அதன் ஒரு முனை பச்சை பிடித்து, பிளாஸ்டிக் உருகத் தொடங்கியிருந்தது. புதிய இணைப்பியும் ரிலேயும் 380 ரூபாய், கேபின் ஃபில்டர் 350 ரூபாய்.

இந்தச் சோதனையின்போது நேர்ந்த ஓர் அசம்பாவிதத்தையும் சொல்லவேண்டும். சைக்கிள் டியூபில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதுபோல, தாழ்வழுத்தக் குழாயின் வால்வுப் பின்னை ஸ்க்ரூடிரைவரால் ஒருகணம் அழுத்திப் பார்த்தார். சீறிக்கொண்டு வந்த கேஸ் எண்ணெயோடு விரலில் பட்டது. காயம் இல்லை. ஆர்-134ஏ என்னும் இந்த வாயு வளிமண்டல அழுத்தத்தில் கழித்தல் 26 டிகிரியில் கொதிக்கிறது; திரவமாகவே வெளிவந்திருந்தால் தோல் உறைந்திருக்கும், கண்ணில் பட்டிருந்தால் விளைவு வேறு. கண்ணாடியும் கையுறையும் அணியச் சொல்லாதது என் குறை. பானட்டுக்குள் நடந்த அந்தச் சிறு நிகழ்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது: அந்த வால்வுக்கு மூடி இல்லை.

கேஸ் குப்பி பற்றிய யோசனை

விசிறி சரியான பின்பும் ஏசி குளிரவில்லை. கிளட்ச் இழுத்தது, விசிறி ஓடியது, ஆனால் எஞ்சினிலிருந்து கேபினுக்குச் செல்லும் தடித்த தாழ்வழுத்தக் குழாய் கையில் குளிரவே இல்லை. கேபினில் ஏசி காற்று வரும் துவாரத்தில் வைத்த வெப்பமானி 27 டிகிரி காட்டியது. கேஸ் குறைந்திருக்கிறது என்ற முடிவுக்கு வருவது இப்போது எளிதாக இருந்தது. குப்பி வாங்கும் யோசனையும் திரும்பி வந்தது. வீட்டு ஏசி பழுதுபார்க்கும் அவருடைய மைத்துனர், தன் அளவியையும் சிலிண்டரையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "பிரஷரைப் பார்த்து ஏத்திக்கலாம் மாமா, வீட்டு ஏசிக்கு அப்படித்தானே பண்றோம்" என்றார்.

இந்த வரியில்தான் மொத்த முடிவும் தங்கியிருந்தது. ஆகவே அன்று மாலை நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசியதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அழுத்தம் வேறு, அளவு வேறு. வீட்டுச் சமையல் சிலிண்டரில் 14.2 கிலோ நிறைந்திருக்கும்போதும் 3 கிலோ மிஞ்சியிருக்கும்போதும் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு இருக்கிறதென்று அறிய தூக்கிப் பார்க்கிறோம், அல்லது தராசில் வைக்கிறோம். ஆர்-134ஏவும் அப்படியே. எஞ்சின் நின்றிருக்கையில், உள்ளே ஒரு சொட்டுத் திரவம் மிஞ்சியிருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது: 28 டிகிரியில் சுமார் 90 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு), 35 டிகிரியில் சுமார் 114. பாதி இருந்தாலும் முழுவதும் இருந்தாலும் அளவி அதே எண்ணைத்தான் காட்டும். எஞ்சின் ஓடும்போது காட்டும் அழுத்தமோ வெளிவெப்பம், விசிறியின் வேகம், எஞ்சின் சுழற்சி எல்லாவற்றோடும் மாறும். பானட்டின் உட்புறத்தில் ஒட்டியிருந்த சீட்டின்படி இந்தக் காருக்கு வேண்டியது 350 கிராம். இவ்வளவு சிறிய அளவில் 70 கிராம் கூடினாலே ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்; உயரழுத்தம் ஏறும், குளிர்ச்சி குறையும், திரவம் கம்ப்ரசருக்குள் திரும்பினால் அதை உடைக்கவும் செய்யும். குப்பியிலுள்ள 450 கிராமில் எவ்வளவு உள்ளே போனது என்பதைத் தராசு இல்லாமல் சொல்லமுடியாது. அதைவிட முக்கியமாக, உள்ளே ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பதைத் தராசு இருந்தாலும் சொல்லமுடியாது. அதற்கு முழுவதையும் வெளியே எடுக்கவேண்டும்.

மைத்துனரின் அளவியைச் சோதனைக்காக மட்டும் பயன்படுத்தினோம். அவருடைய குழாய் முனை இந்த வால்வில் பொருந்தவில்லை. கார்களில் ஆர்-134ஏவுக்குத் தாழ்வழுத்தப் பக்கம் 13 மில்லிமீட்டர், உயரழுத்தப் பக்கம் 16 மில்லிமீட்டர் என்று வெவ்வேறு அளவில் முனைகள் வைத்திருப்பதே மாற்றி மாட்டிவிடக்கூடாது என்பதற்காகத்தான். உயரழுத்தப் பக்கத்தில் குப்பியை மாட்டினால் குப்பியே வெடிக்கலாம். தெரிந்த பட்டறை ஒன்றிலிருந்து சரியான இணைப்பியை இரவல் வாங்கிவந்து, மறுநாள் காலை 28 டிகிரியில் பார்த்தபோது அளவி 55 பிஎஸ்ஐ காட்டியது. 90 இருக்கவேண்டிய இடத்தில் 55 என்றால் உள்ளே திரவமே இல்லை, மிஞ்சியிருப்பது ஆவி மட்டும். 'கொஞ்சம் குறைந்திருக்கிறது' என்ற நிலையை இது எப்போதோ கடந்துவிட்டது. 'திடீரென்று' நின்றதற்கும் விளக்கம் கிடைத்தது. டிரையரில் ஓரளவு திரவம் சேமிப்பாக இருக்கும். மாதக்கணக்கில் கசிந்தாலும் அந்தச் சேமிப்பு தீரும்வரை ஓட்டுபவருக்குத் தெரியாது, தீர்ந்தபின் சில நாட்களில் குளிர்ச்சி விழுந்துவிடும்.

எண்ணெய்ப் பிரச்சினையும் உண்டு. இந்தக் காரின் கம்ப்ரசருக்கு பிஏஜி வகை எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக உறிஞ்சும். வேறு வாயுக்களோடும் வேறு எண்ணெயோடும் பழகிய குழாயை இதில் மாட்டினால் அந்த மிச்சமும் உள்ளே போகும். ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கலாம். வாயுவோடும் எண்ணெயோடும் சேர்ந்து நாளடைவில் அமிலமாகி உலோகத்தை அரிக்கலாம். ஆகவேதான் பம்பால் உள்ளிருப்பதை உறிஞ்சி எடுத்து வேக்கம் போடுகிறார்கள்: 29 அங்குலப் பாதரச வெற்றிடத்தில் நீர் 25 டிகிரிக்கு அருகிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும்.

பிறகு கணக்கு. குப்பியும் சாதாரணக் குழாயும் 1,600 ரூபாய்க்குள் முடியும். முறையாகச் செய்ய இரட்டை அளவி, வேக்கம் பம்ப், தராசு மூன்றும் வேண்டும். அவர் விசாரித்த விலையில் 11,000 ரூபாய். பட்டறையில் வேக்கமும் கேஸும் சேர்த்து 1,900 ரூபாய் என்றார்கள். ஒரே ஒரு கார் வைத்திருப்பவருக்கு இந்தக் கருவிகள் பரணில்தான் கிடக்கும்.

உரிமையாளர் ஒரு மாற்று யோசனை சொன்னார். மூடி இல்லாத வால்வில் சோப்புத் தண்ணீர் தடவியபோது மெதுவாகக் குமிழி வந்தது. இந்த வால்வில் உண்மையான காப்பு பின்னைவிட மூடியிலுள்ள ரப்பர் வளையம்தான். சென்ற ஆண்டு டாப்-அப் செய்தவர்கள் மூடியைத் திரும்பப் போடவில்லை போலும். எனவே 30 ரூபாய் மூடியைப் போட்டு, குப்பியை ஏற்றிவிட்டால் என்ன என்பது அவர் கேள்வி. அது அறிவுள்ள கேள்விதான். கசிவு அது ஒன்றுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனோ என்னவோ. ஆனால் கண்டன்சரின் கீழ் இடது மூலையில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிய ஒரு கறையையும் நாங்கள் பார்த்திருந்தோம். எஞ்சின் எண்ணெய் தெறித்ததாக இருக்கும் என்று அவர் சொன்னார், நானும் சரி என்றேன். கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரசர் எண்ணெயும் கூடவே வெளிவந்து தூசியைப் பிடித்துவைக்கும் என்பதை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

இறுதியில் குப்பியை வாங்கவேண்டாம் என்று முடிவுசெய்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை, ஆனால் புவியை வெப்பப்படுத்தும் திறனில் அது கரியமிலவாயுவைப் போல் 1,430 மடங்கு. இந்தக் காரில் அடங்கும் 350 கிராம் வெளியே போனால் அது 500 கிலோ கரியமிலவாயுவுக்குச் சமம். இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் 2016ஆம் ஆண்டுக் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றிருக்கிறது. கசியும் சுற்றில் ஆண்டுதோறும் கேஸ் நிரப்புவது பணத்துக்கும் நட்டம், காற்றுக்கும் நட்டம்.

பட்டறையில்

கேஸை மீட்டெடுக்கும் இயந்திரம் வைத்திருக்கும் ஒரு பட்டறையைத் தேடி, ஏப்ரல் 25 அன்று காரை விட்டார். போவதற்கு முன் கேட்கவேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டார்: மிஞ்சிய கேஸை எடுத்து எடைபோடுவது, நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்ப்பது, இரு வால்வுப் பின்களையும் மாற்றுவது, வேக்கம் போட்டபின் பம்பை நிறுத்தி முள் நகர்கிறதா என்று காத்திருப்பது, 350 கிராமைத் தராசில் வைத்து ஏற்றுவது. இந்தத் தாளைக் கண்டு பட்டறைக்காரர் முகம் சுளிக்கவில்லை. தொழில் தெரிந்தவர் என்பதற்கு அதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

மீட்டெடுத்த கேஸ் சுமார் 50 கிராம். நைட்ரஜன் ஏற்றி 20 நிமிடத்தில் அழுத்தம் இறங்கியது. வால்வை அடைத்த பின்பும் இறங்கியது. கண்டன்சரின் அந்தக் கறை படிந்த மூலையில், கல் தெறித்த வடுவுக்கு அருகே அலுமினியம் அரித்து ஊசிமுனைத் துளை விழுந்திருந்தது. மூடி மட்டும் போட்டுக் குப்பியை ஏற்றியிருந்தால் அந்தக் கேஸ் முழுவதும் இந்த வழியே போயிருக்கும்.

கண்டன்சரை மாற்றியே ஆகவேண்டும் என்றானதும் உரிமையாளர் மறுபடியும் ஒரு கணக்குப் போட்டார். சுற்று இப்போது காலி. பம்பரைக் கழற்றுவது தனக்கு வரும். வீட்டில் கண்டன்சரை மாற்றிக்கொண்டு, வேக்கத்துக்கும் கேஸுக்கும் மட்டும் திரும்பி வந்தால் கூலி 1,500 ரூபாய் மிஞ்சும். பட்டறைக்காரர் மறுக்கவில்லை, ஆனால் அப்படிச் செய்தால் கசிவுக்குத் தான் பொறுப்பேற்கமுடியாது என்றார். புதிய கண்டன்சரின் பக்கத்திலேயே டிரையர் அமைந்திருந்ததால், முனை மூடிகளைக் கழற்றிய நேரத்திலிருந்து அது ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். குழாய் முனைகளில் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தை எண்ணெய் தடவிச் சரியாக உட்காரவைப்பதும் பழக்கம் வேண்டிய வேலை. நான் கருத்துச் சொல்லவில்லை. பொறுப்பை இரண்டு பேருக்கிடையே பிரித்தால் நாளை கசியும்போது இருவருமே மற்றவரைக் காட்டுவார்கள் என்று அவரே சொல்லி, வேலையைப் பட்டறையிலேயே விட்டார்.

செலவு: டிரையருடன் கண்டன்சர் 4,200, வால்வுப் பின்களும் ஓ-ரிங்குகளும் மூடிகளும் 250, எண்ணெய் 300, நைட்ரஜன் சோதனை, வேக்கம், கேஸ் 1,900, கூலி 1,500, ஆக 8,150 ரூபாய். வீட்டில் செய்த 730 ரூபாயையும் சேர்த்தால் 8,880. கம்ப்ரசர் பழையதேதான்.

பின்விளைவு

அன்று மாலை 36 டிகிரி வெளிவெப்பத்தில் தாழ்வழுத்தம் 32 பிஎஸ்ஐ, உயரழுத்தம் 210 பிஎஸ்ஐ. திருச்சி சாலையில் ஓடும்போது துவாரத்தில் 8 டிகிரி, நிழலில் நிறுத்தி எஞ்சின் ஓடும்போது 12 டிகிரி. கம்ப்ரசர் போய்விட்டது என்ற முதல் தீர்ப்பு இத்துடன் முடிந்தது. அந்தக் கடை வேண்டுமென்றே ஏமாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். ஏசி போட்டும் குளிராத வண்டியைப் பார்த்து, பழக்கத்தில் மிகப் பெரிய பாகத்தின் பெயரைச் சொன்னார்கள் என்றே நினைக்கிறேன்.

கேஸோடு ஒளிரும் சாயமும் சிறிது சேர்த்திருந்தார்கள். ஆகஸ்டிலும், பின்னர் 2025 பிப்ரவரியிலும் புற ஊதா விளக்கை அடித்துப் பார்த்தபோது இணைப்புகளில் சாயம் தெரியவில்லை. 2025 ஏப்ரலில் அதே நேரம், அதே நிழலில் வெப்பமானி 12 டிகிரியே காட்டியது. தந்தையின் மாதாந்திரத் திருச்சிப் பயணங்கள் தடையின்றி நடந்தன.

மாற்றிச் செய்யக்கூடியவை

முதலாவது, 2023இல் டாப்-அப் செய்தபோதே கசிவைத் தேடியிருக்கவேண்டும். கார் ஏசியில் கேஸ் பெட்ரோல்போல் செலவாகும் பொருளன்று. குறைந்திருந்தால் எங்கோ வழி இருக்கிறது. அன்று கண்டன்சரின் துளை இருந்ததா, பிறகு விழுந்ததா என்பதை இப்போது யாராலும் சொல்லமுடியாது. மூடி அன்றே போடப்பட்டிருந்தால் இரண்டு கசிவில் ஒன்று குறைந்திருக்கும்.

இரண்டாவது என்னைச் சார்ந்தது. தொலைபேசியில் விசிறி என்று சொன்னபோது, இரண்டாம் வாரத்தின் அறிகுறியையும் எழுதிவைத்து, விசிறி சரியான பின்பும் அது நீடித்தால் என்ன பார்ப்பது என்று அப்போதே சொல்லியிருந்தால் மைத்துனரின் சிலிண்டர் வாசலுக்கு வந்திருக்காது. எண்ணெய்க் கறையை வெள்ளைத் துணியால் துடைத்து, இரண்டு நாள் ஓட்டியபின் மறுபடி பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதையும் செய்யவில்லை.

உரிமையாளரிடம் இப்போது கேட்டால், அளவியையும் இணைப்பியையும் மட்டும் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்வேன் என்கிறார். கேஸ் ஏற்ற அல்ல, எஞ்சின் நின்றிருக்கும்போது சித்திரைக்கு முன் ஒருமுறை அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துவைக்க. அதற்குக்கூடத் தேவையில்லை, துவாரத்தில் வெப்பமானி போதும், அளவியை மாட்டிக் கழற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கேஸ் போகும் என்பது என் எண்ணம். இதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. கேபின் ஃபில்டரைமட்டும் ஆண்டுக்கு இருமுறை மாற்றுகிறார்.